ஒரு தாய் நாய், அஞ்சு குட்டி, எட்டு வாரம்: ஃபாஸ்டர் எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன வாரம் ஒரு கேள்வி வந்தது. "எங்க ஆஃபீஸ் பின்னாடி ஒரு தெருநாய் குட்டி போட்டிருக்கு. ஒரு மழை அடிச்சா அந்த இடம் முழுகிடும். நான் குடியிருக்கற வீட்டுல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. சம்பளம் 42,000. எமர்ஜென்சி ஃபண்ட்ல 60,000 சேர்த்து வச்சிருக்கேன். அதுல இருந்து எடுத்து இதுங்களைப் பார்த்துக்கலாமா?"

எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசற இடத்துல நாய்க்குட்டிக்கு என்ன வேலைன்னு சிலருக்குத் தோணலாம். ஆனா இதுவும் ஒரு நிதி முடிவுதான். தெரிஞ்ச செலவு இருக்கு, தெரியாத செலவு இருக்கு, ஒரு காலக்கெடு இருக்கு. முடிவு தப்பாப் போனா நஷ்டப்படறது ஒரு உயிர். அதனால மத்த முடிவுகளைவிட இதுக்குக் கொஞ்சம் அதிகமாவே கணக்குப் போடணும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஃபாஸ்டர் எடுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. ரெண்டையும் ஒண்ணாச் செய்ய முடியும்.

உங்க காலி ரூமோட மதிப்பு

ஃபாஸ்டர்னா தத்தெடுக்கறது கிடையாது. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உங்க வீட்டுல வச்சுப் பார்த்துட்டு, நல்ல வீட்டுக்கு அனுப்பி வைக்கறது. தாயும் பச்சைக்குட்டிகளும்னா ஏறக்குறைய 8 வாரம்.

நம்ம பழக்கம் என்ன? இன்ஸ்டாகிராம்ல ஒரு குட்டி போட்டோ பார்த்தா யுபிஐ-ல 500 ரூபாய் அனுப்பிட்டு அடுத்த ரீலுக்குப் போயிடுவோம். பணம் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா காப்பகங்களுக்குப் பணத்தைவிடக் கிடைக்காத ஒண்ணு இருக்கு: நோய் இல்லாத, அமைதியான ஒரு அறை. காப்பகத்துக்கு தினமும் அடிபட்ட நாய், நோயாளி நாய்னு வந்துட்டே இருக்கும். பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி வைரஸ் அங்கே நுழையறதைத் தடுக்கறது கஷ்டம். தடுப்பூசி போடற வயசே வராத குட்டிக்கு அது ரொம்ப ஆபத்தான இடம். தாயையும் குட்டிகளையும் தனியா வைக்க உங்ககிட்ட இருக்கற 10-க்கு 10 ரூம், அங்கே ஒரு பெரிய நன்கொடையாலகூட வாங்க முடியாத விஷயம்.

தெருவுல விட்டா என்ன ஆகும்? மேற்கு வங்கத்துல தெருநாய்க் குட்டிகள் 364-ஐப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இனப்பெருக்க வயசு வரைக்கும் பிழைச்சது 19% மட்டும்தான். இறப்புகள்ல 63%-க்கு மனுஷங்க ஏதோ ஒரு வகையில காரணம். அஞ்சு குட்டியில ஒண்ணு. இதுதான் நாம பேசிட்டு இருக்கற விஷயத்தோட அளவு.

தூக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க

குட்டிகள் தனியாக் கிடக்கறதைப் பார்த்த உடனே அட்டைப்பெட்டில போட்டுத் தூக்கிட்டு வந்துடாதீங்க. தாய் சாப்பாடு தேடிப் போயிருக்கலாம். குட்டிகளுக்கு உடனடி ஆபத்து இல்லைன்னா, தள்ளி நின்னு சில மணி நேரம் பாருங்க. பிறந்த முதல் நாள்ல கிடைக்கற சீம்பால்தான் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி. அதை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது.

எடுக்கறதா இருந்தா தாயோட சேர்த்து எடுங்க. இது பாசத்துக்காகச் சொல்றது மட்டும் கிடையாது, செலவுக் கணக்கும் அதையேதான் சொல்லுது. தாய் இல்லாத பச்சைக்குட்டிக்கு ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலயும், நீங்க பால் கொடுக்கணும். ஒவ்வொரு தடவையும் ஈரப்பஞ்சால துடைச்சுவிட்டு மூத்திரம், மலம் போக வைக்கணும். சுமார் மூணு வாரம் வரைக்கும் அதுக்குத் தானா வராது. காலையில 9 மணிக்கு லாகின் பண்றவங்க தனி ஆளா இதைச் செய்யறது நடக்காத காரியம். தாய் இருந்தா இந்த வேலை எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும். நீங்க தாயைப் பார்த்துக்கிட்டாப் போதும்.

பயந்துபோன தாய் நாயைப் பிடிக்கறது உங்க வேலை இல்ல. குட்டியைக் காப்பாத்த அது கடிக்கும். பழக்கமுள்ள மீட்புக் குழுவை வரச் சொல்லுங்க. கடியோ கீறலோ பட்டா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணில கழுவிட்டு, அன்னைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். "குட்டிதானே கீறுச்சு"ன்னு விட்டுடாதீங்க.

முதல் ரெண்டு வாரம்தான் எல்லாம்

நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. கீழே சொல்றதெல்லாம் அடிப்படை மட்டும்தான். உங்க கால்நடை மருத்துவர் சொல்றதுதான் முடிவு.

பிறந்த குட்டிக்கு உடம்புச் சூட்டைத் தானாக் காப்பாத்திக்கத் தெரியாது. முதல் வாரம் அது படுத்திருக்கற இடம் 29-லிருந்து 32 டிகிரி செல்சியஸ் இருக்கணும். சென்னை வெயில்ல இது பெரிய விஷயமே இல்லைன்னு தோணும். ஆனா மழை நாள்ல, டைல்ஸ் தரையில, ஃபேன் காத்துக்கு நேரா இருந்தா குட்டி சில்லிட்டுப் போயிடும். வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்தி, பெட்டியோட ஒரு பாதியில மட்டும் வைங்க. சூடு அதிகமானா குட்டி தள்ளிப் போறதுக்கு இடம் வேணும்.

சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் ஊத்தாதீங்க. அந்த நிலையில செரிக்காது. முதல்ல மெதுவாச் சூடு, அப்புறம்தான் பால். அதையும் கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வச்சுக் கொடுக்கக் கூடாது, பால் நுரையீரலுக்குப் போயிடும். குப்புற வச்சுத்தான் கொடுக்கணும். பசும்பால் வேண்டாம். நாய்ப்பாலோட ஒப்பிட்டா அதுல கொழுப்பும் புரதமும் பாதிதான். வயித்தாலயும் போகும். நாய்க்குட்டிக்குன்னே பால் பவுடர் கிடைக்குது.

உங்க மொத்த பட்ஜெட்ல ரொம்ப லாபமான செலவு ஒரு டிஜிட்டல் கிச்சன் தராசு. தினமும் ஒரே நேரத்துல ஒவ்வொரு குட்டியையும் எடை போட்டு எக்ஸெல்ல எழுதுங்க. 250 கிராம்ல பிறந்த குட்டி 7 முதல் 10 நாள்ல கிட்டத்தட்ட 500 கிராம் வரணும். முதல் நாள் லேசாக் குறையலாம். அதுக்கப்புறம் எடை ஏறாம நின்னாலோ குறைஞ்சாலோ அன்னைக்கே மருத்துவர்கிட்ட போகணும். குட்டி பார்க்க நல்லாத்தான் இருக்கும், பிரச்சினை முதல்ல எண்ணுல தெரிஞ்சிடும். ஈத்துலயே சின்னக் குட்டி எதுவோ, அதை மத்ததுங்களுக்கு முன்னாடி பால் குடிக்க விடுங்க.

தாயையும் கவனிக்கணும். பால் கொடுக்கற உச்சத்துல, அதாவது 3-4 வாரத்துல, அதுக்கு வழக்கத்தைவிட ரெண்டு மூணு மடங்கு சாப்பாடு வேணும். உடம்பு நடுங்கறது, கால் விறைக்கறது, மூச்சு வாங்கறது தெரிஞ்சா ரத்தத்துல கால்சியம் குறைஞ்சிருக்கலாம். அது காலையில பார்த்துக்கலாம்னு விடற விஷயம் இல்ல, அந்த மணி நேரமே கிளம்பணும். மடி சூடா, கல்லு மாதிரி இருந்தாலும் உடனே காட்டுங்க.

இப்போ கணக்கு

ஒரு தாய், அஞ்சு குட்டி, 8 வாரம். கீழே இருக்கறது என் அனுமானம்தான், விலைப்பட்டியல் கிடையாது. உங்க ஊர் ரேட்டைப் போட்டு மாத்திக்கங்க.

தாய்க்குச் சாப்பாடு, வாரம் 900 வீதம் 8 வாரம்: ரூ.7,200
குட்டிகளுக்குச் சாப்பாடு, நாலாவது வாரத்துக்கு மேல, வாரம் 750 வீதம்: ரூ.3,000
மருத்துவர் ஃபீஸ், 3 தடவை, 600 வீதம்: ரூ.1,800
எல்லாருக்கும் பூச்சி மருந்து, 2 வார வயசுல ஆரம்பிச்சு: ரூ.1,000
6-லிருந்து 8 வாரத்துக்குள்ள குட்டிகளுக்கு முதல் தடுப்பூசி, 700 வீதம் அஞ்சு: ரூ.3,500
தராசு, துணி, கிளீனிங் லிக்விட்: ரூ.1,500

மொத்தம் ரூ.18,000. இது தெரிஞ்ச செலவு. திடீர்ச் செலவுக்குத் தனியா ரூ.10,000. ஆக ரூ.28,000.

42,000 சம்பளக்காரருக்கு ரெண்டு மாசத்துல 28,000 பெரிய தொகை. ஆனா நாலு பேர் சேர்ந்தா தலைக்கு 7,000, மாசம் 3,500. ஆஃபீஸ்ல அந்தக் குட்டிகளைப் பார்த்து "ஐயோ பாவம்"னு சொன்னவங்க நாலு பேராவது இருப்பாங்க. ரூம் உங்களுது, உழைப்பு உங்களுது. பில்லை அவங்க பகிர்ந்துக்கட்டும். தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட், ஒரு ஷேர்டு ஷீட், எல்லா பில்லோட போட்டோவும். காசு விஷயத்துல தெளிவு இருந்தாத்தான் அடுத்த தடவையும் கொடுப்பாங்க.

எமர்ஜென்சி ஃபண்ட் எதுக்கு? உங்க வேலை போனா வாடகை கட்டறதுக்கு. நீங்க வாடகை கட்ட முடியாம ரூமைக் காலி பண்ணினா குட்டிகளும் சேர்ந்துதான் தெருவுக்குப் போகும். அதே மாதிரி கிரெடிட் கார்டுல மருத்துவச் செலவைப் போட்டு இஎம்ஐ-ஆ மாத்தறதும் வேண்டாம். குட்டிகள் எட்டு வாரத்துல போயிடும், இஎம்ஐ போகாது.

உச்சவரம்பு வைங்க

இந்த இடத்துலதான் சிலருக்கு என் மேல கோபம் வரும். "உயிருக்கு விலை வைக்கறீங்களா?"

பச்சைக்குட்டிகள்ல சிலது, எல்லாத்தையும் சரியாச் செஞ்சாலும் பிழைக்காது. அதிகமாச் செலவு பண்ணினா கட்டாயம் பிழைக்கும்னும் கிடையாது. ராத்திரி 2 மணிக்கு, கையில ஒரு குட்டி துவண்டு கிடக்கும்போது, யாராலயும் நிதானமா முடிவெடுக்க முடியாது. அதனால முதல் வாரமே மருத்துவர், மீட்புக் குழு, பணம் போட்ட நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு தொகையை முடிவு பண்ணுங்க. அந்த வரம்பு வந்ததும் சிகிச்சையை நிறுத்திடணும்னு அர்த்தம் இல்ல. அதுக்கு மேல தனியாச் சுமக்காம மத்தவங்களைக் கூப்பிடணும்னு அர்த்தம். மீதி நாலு குட்டியும் தாயும் இன்னும் ஆறு வாரம் உங்களை நம்பித்தான் இருக்கு.

தனியார் கிளினிக்தான் வழின்னு நினைக்காதீங்க. சென்னைன்னா வேப்பேரியில இருக்கற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மத்த ஊர்னா அரசு கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கு, எத்தனை மணி வரைக்கும்னு முதல் நாளே விசாரிச்சு வச்சுக்கங்க.

வெளியே வர்ற தேதி

முதலீட்டுல உள்ளே போறதுக்கு முன்னாடி வெளியே வர்ற வழியைப் பார்க்கணும்னு சொல்வேன். இங்கேயும் அதேதான். குட்டிகளுக்கு 5 வாரம் ஆகும்போதே தத்து கொடுக்க வீடு தேட ஆரம்பிங்க. 8 வாரம் ஆனதும் அனுப்புங்க. அடுத்த தடுப்பூசித் தேதிகள், மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, வளர்ந்ததும் கருத்தடை, எல்லாத்தையும் எழுத்துல கொடுங்க. நேர்ல வந்து பார்க்கத் தயங்கறவங்களுக்குக் கொடுக்காதீங்க.

தாயை மறந்துடாதீங்க. பால் வத்தினதும் கருத்தடை ஆபரேஷன் கட்டாயம். பெண் நாய் ஆறேழு மாசத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரலாம், கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். கூட்டுவட்டி நமக்கு எதிரா வேலை செய்யறதுன்னா இதுதான். இதைச் செய்யாம விட்டா அதே ஆஃபீஸ் பின்னாடி அடுத்த வருஷம் இன்னொரு ஈத்து நிக்கும். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-ன்படி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிஞ்ச தெருநாயை அது இருந்த இடத்துலயே விடணும். அதுக்கும் ஒரு வீடு கிடைச்சா இன்னும் நல்லது.

வரிச் சலுகை உண்டா?

நீங்க வாங்கற சாப்பாடு, மருந்து, தனி நபருக்கு அனுப்பற யுபிஐ, எதுக்கும் வரிக்கழிவு கிடையாது. 80ஜி-ன்னு நாம சொல்ற கழிவு, அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கற நன்கொடைக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான். ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா அதுவும் செல்லாது. உங்கள்ல பலர் புதிய முறையில இருக்கீங்க, அதனால வரிக்காக இதைச் செய்ய வேண்டாம்.

யார் எடுக்க வேண்டாம்?

வீட்டு ஓனர் சம்மதம் இல்லாதவங்க. முதல் ரெண்டு வாரம் டூர், புராஜெக்ட் டெட்லைன்னு இருக்கறவங்க. வீட்டுல தடுப்பூசி போடாத நாய் வச்சிருக்கறவங்க. வீட்டுல ஏற்கெனவே பார்வோ வந்திருந்தாலும் வேண்டாம், அந்த வைரஸ் மாசக்கணக்குல தங்கும். இவங்க "என்னால முடியாது"ன்னு நேராச் சொல்றதே பெரிய உதவி. நாலாவது நாள் "வந்து எடுத்துட்டுப் போங்க"ன்னு ஃபோன் பண்றதுதான் குட்டிகளுக்கு ஆபத்து.

அவங்க ஃபாஸ்டர் எடுத்தவருக்கு ஒரு செலவை ஏத்துக்கலாம். "குட்டிகளோட தடுப்பூசி என்னோடது", "தாயோட சாப்பாடு ரெண்டு மாசமும் நான்"னு ஒரு வரி. 500 ரூபாயும் ஒரு ஹார்ட் எமோஜியும் அனுப்பறதைவிட அது உருப்படியானது.

ரூம் காலியா இருக்கு, ஓனர் சரின்னுட்டார், பணம் போட மூணு பேர் தயார், மருத்துவர் நம்பர் கையில இருக்கு. இந்த நாலும் இருந்தா நீங்க யோசிச்சது போதும். மழைக்கு முன்னாடி போய்க் கூட்டிட்டு வாங்க.

எக்ஸெல் ஷீட் மாதிரியை இந்த வார வீடியோவுக்குக் கீழே போட்டிருக்கேன். உங்க ஊர் ரேட்டைப் போட்டு, மொத்தம் எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க.