சேர் பொன். இராமநாதனை நாம் ஏன் பாதியாக நினைவுகூருகிறோம்?

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் பிறந்ததும் தமிழ்ப் பத்திரிகைகளின் ஆசிரிய பீடங்களில் ஒரு பழைய கோப்பு தூசி தட்டப்படும். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் நினைவுதினக் கட்டுரை அது. 1990களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தபோது அந்தக் கட்டுரையை நானும் எழுதியிருக்கிறேன். எழுதினேன் என்பதைவிட, முந்திய ஆண்டின் கட்டுரையில் ஆண்டுக் கணக்கை மாற்றினேன் என்பதே உண்மை. ஒருமுறை மட்டும் சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தமை பற்றி நான்கு வரிகள் சேர்த்தேன். மறுநாள் அச்சில் அந்த நான்கு வரிகளும் இல்லை. "பெரியவர்களைப் பற்றி இப்படி எழுதுவதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த நான்கு வரிகளின் விரிவாக்கமே இது என்று வாசகர்கள் கொள்ளலாம்.

1851 இல் பிறந்த இராமநாதன், 1879 இல் தமது 28 ஆவது வயதில் சட்டநிரூபண சபையின் தமிழ் உறுப்பினரானார். எப்படி ஆனார்? யாரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி அவ்வாண்டு காலமானார். தேசாதிபதி மருமகனை நியமித்தார். அதற்கு முன்னர் 1835 இல் அதே ஆசனத்தில் முதன்முதலாக அமர்ந்தவர் இராமநாதனின் பாட்டனார், ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். 1892 இல் இராமநாதன் சொலிசிட்டர் ஜெனரலாகச் சென்றபின் அங்கு வந்தவர் அவரது தமையனார் பொ. குமாரசுவாமி. ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவம் ஒரு வீட்டின் முதுசொம்போலக் கைமாறிய காலம் அது. இதைச் சொல்லாமல் இராமநாதனின் அரசியலை விளக்கவே முடியாது.

அவர் திறமையற்றவர் என்று நான் சொல்லவரவில்லை. வெசாக் பூரணை அரச விடுமுறையாக வேண்டுமென்று பௌத்தர்களுக்காக வாதாடிய சைவர் அவர். 1885 இல் அது நிறைவேறியது. 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் தொடக்கினார். பின்னது 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாயிற்று. இவற்றை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் 1911 தேர்தலைப் பாருங்கள். 'படித்த இலங்கையர்' ஆசனத்துக்கு ஒரு தமிழரைச் சிங்களவரும் சேர்ந்து தெரிவு செய்தனர், அன்று இனபேதம் இருக்கவில்லை என்று இன்றும் மேடைகளில் முழங்குகிறார்கள். வாக்காளர் தொகை நாடு முழுவதிலும் ஏறத்தாழ 3,000 மட்டுமே. எதிர்த்துப் போட்டியிட்ட டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ கரவா சாதியினர். கொவிகம வாக்காளர் பலர் அவருக்கு வாக்களிக்க விரும்பாமல் வேளாளரான இராமநாதனின் பக்கம் சாய்ந்தனர் என்பது வரலாற்றாசிரியர்கள் நெடுநாளாக எழுதிவரும் விடயம். இன ஒற்றுமை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி சாதி ஒற்றுமையே!

1915 கலவரத்துக்குப் பின்னர் தேசாதிபதி சாமர்ஸின் இராணுவச் சட்டக் கொடுமைகளை எதிர்த்து அவர் முழங்கியதும், லண்டன் சென்று வாதாடியதும் துணிச்சலான காரியங்கள். ஆனால் கடைகள் எரிந்து, உறவினரை இழந்து நின்றவர்கள் முஸ்லிம்கள். சிறையிலிடப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக எழுந்த அந்தக் குரல் முஸ்லிம்களுக்காக அதே உரத்துடன் எழவில்லை. 1888 இல் அவர் வாசித்த கட்டுரையில் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று நிறுவ முயன்றதையும் அவர்கள் மறக்கவில்லை. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதற்கு மறுப்பு நூலே எழுதினார். 1888 இலிருந்து யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990 வரை நான் நேர்கோடு வரையவில்லை. 'நீங்கள் யார் என்பதை நாங்கள் சொல்கிறோம்' என்ற அந்தத் தொனியைத்தான் சுட்டுகிறேன்.

இனி அந்த நான்கு வரிகள். 1927 இல் வந்த டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. இராமநாதன் எதிர்த்தார். பெண்களுக்கும், வேளாளரல்லாத சாதியினருக்கும் வாக்குரிமை வழங்கலாகாது என்பது அவர் நிலைப்பாடு. அது இந்து வாழ்வியலுக்கு ஒவ்வாது என்றார். பெண்களுக்குக் கல்லூரி கட்டிய கைதான் அவர்களின் வாக்குச்சீட்டையும் மறுத்தது.

'அக்காலத்தவர் எல்லோரும் அப்படித்தான்' என்று சிலர் மின்னஞ்சலில் எழுதுவார்கள் என அறிவேன். காங்கிரஸின் சிங்களப் பிரமுகர்களும் அதை விரும்பவில்லை என்பது உண்மையே. ஆனால் அதே காலத்தில், அதே கொழும்பில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அதைக் கேட்டார். பெண்கள் 1927 இல் தமக்கென ஒரு வாக்குரிமைச் சங்கமே அமைத்தனர். இவர்களும் அக்காலத்தவரே. சிறுபான்மைக்குரிய ஆசனங்கள் பறிபோகும் என்ற தமிழரின் அச்சம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த அச்சத்துக்கும், பறையரும் பள்ளரும் நளவரும் வாக்களிக்கக் கூடாது என்பதற்கும் என்ன சம்பந்தம்?

1930 இல் இராமநாதன் மறைந்தார். மறுஆண்டு நாட்டில் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். வாக்களிக்கச் சென்றவர்களுள், அவர் மறுத்த அந்தச் சாதியினரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இந்த வலைப்பதிவை டொரன்டோவிலும் பாரிஸிலும் இருந்து வாசிக்கிறார்கள். நவம்பர்க் கட்டுரையில் அவர்களுக்கு நாம் நான்கு வரிகூட ஒதுக்கவில்லை.