"சர்"ருன்னு போனா போதுமா? "டக்"குன்னு நிக்க வேணாமா?
கார் வேகம் கூட்டும் வாலிபர்கள் முதலில் கை வைக்க வேண்டியது எதில்?

சென்னை வாலிபர்களுக்குக் கார் மோகம் தலைக்கேறிவிட்டது. கையில் நாலு காசு சேர்ந்ததும் வேகமான கார் ஒன்றை வாங்குகிறார்கள். பலர் வாங்குவது செகண்ட் ஹேண்ட்தான். வாங்கிய மறுவாரமே மெக்கானிக் ஷெட் வாசலில் போய் நிற்கிறார்கள். "அண்ணே, இதுல என்ன மாத்தினா பறக்கும்?" இதுதான் கேள்வி.

2024 ஆகஸ்டு கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வேளையில் பார்முலா-4 பந்தயம் நடந்தது. நாம் தினமும் போகிற ரோடே பந்தயத் தளமானது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. எரிகிற நெருப்பில் நெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று.

ஆசைப்படுவதில் தப்பில்லை. எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் செலவு சத்தத்துக்கு!

ஷெட்டில் முதலில் விலை போவது சைலன்சர். அடுத்து ஏர் பில்ட்டர். அப்புறம் "ரீமேப்".

சைலன்சரை மட்டும் மாற்றினால் கூடுவது சத்தம்தான். வேகம் கூடியது போல காதுக்குத் தோன்றும். காருக்குத் தெரியாது!

ஏர் பில்ட்டர் கதை இன்னும் வேடிக்கை. கூம்பு மாதிரி ஒன்றை பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டிவிடுகிறார்கள். அது இழுப்பது எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றை. சூட்டுக் காற்றில் பிராணவாயு குறைவு. கத்திரி வெயிலில் அண்ணாசாலை நெரிசலில் நின்றால் இருந்த சக்தியும் குறையும். காசு கொடுத்து சக்தியைக் குறைத்துக் கொண்டதுதான் மிச்சம்.

ரீமேப் அப்படியல்ல. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது அது. டர்போ எஞ்சினில் நிஜமாகவே சக்தி கூடும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

2013ல் வந்த போலோ ஜி.டி. காரை எடுத்துக் கொள்ளலாம். நம்ம ஊர் பையன்கள் உயிரை விடும் கார் அது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 105 குதிரை சக்தி. எஞ்சின் கொடுக்கும் முறுக்கு விசை, அதாவது டார்க், 175 நியூட்டன் மீட்டர். அதிலுள்ள ஏழு கியர் ஆட்டோமேடிக் பெட்டி தாங்கும் அளவு 250. இடையில் இருக்கும் 75ஐ கம்பெனிக்காரன் சும்மா விட்டுவைக்கவில்லை. வெயிலுக்கும் நெரிசலுக்கும் சேர்த்து வைத்த இருப்பு அது. ரீமேப் செய்தால் அதில் பெரும் பகுதி போய்விடும். அந்தப் பெட்டியின் கிளட்ச் எண்ணெயில் முங்காத ரகம். ஊர்ந்து ஊர்ந்து போகும் டிராபிக்கில் சூடேறும். எஞ்சின் குதிக்கும்; கியர் பெட்டி படுத்துக்கொள்ளும்!

நிறுத்துவது யார்?

காரை ஓட வைக்க இத்தனை பாடு. நிறுத்த?

80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் 100க்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது. வேகம் இரட்டித்தால் அது நாலு மடங்கு. கம்ப்யூட்டர் கணக்கை மாற்றியவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

பிரேக் ஆயில் விஷயம் யாருக்கும் நினைவே வருவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. "டாட் 4" ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அது 155க்கு இறங்கிவிடும். கடலோர சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்? வேகமாக ஓட்டி நாலு தடவை அழுத்திப் பிடித்தால் ஆயில் கொதித்துக் குமிழி விடும். அப்புறம் பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும். கார் நிற்காது!

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய சமாச்சாரம் இது. செகண்ட் ஹேண்ட் காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்கே தெரியாது. சைலன்சர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத வேலை.

உள்ளங்கை அகலம்

கார் ரோட்டைத் தொடுவது நாலே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அகலம். எஞ்சின் கொடுப்பதும் பிரேக் பிடிப்பதும் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான். ஆகவே முதல் செலவு டயருக்கு என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் பதித்திருக்கும். 3519 என்று இருந்தால் 2019ம் வருஷம் 35வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருக்கலாம். ரப்பர் கல்லாகி இருக்கும். ஐப்பசி மழையில் அதை நம்பி பிரேக் போட்டால் சறுக்கல்தான்.

டயர் மாற்றுகிறேன் என்று ரொம்பப் பெரிய அலாய் வீலை மாட்டுவது வேறு கூத்து. கனம் கூடும், டயர் சுவர் மெலியும், முதல் பள்ளத்திலேயே ரிம் வளையும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார்கள் நம் தெரு வேகத்தடைகளில் படும் அவஸ்தையைச் சொல்லி மாளாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு தெளிவாக இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறும்படி காரை மாற்றக் கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. சத்தம், புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். லைசென்சும் 3 மாதத்துக்கு முடங்கும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் வழி உண்டு.

கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல டயர், நல்ல பிரேக் பேடு, புது ஆயில் போட்டால் எந்த வில்லங்கமும் இல்லை. வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்.

எங்கே ஓட்டுவது?

சென்னைக்குள் கார்களுக்கு 60 கிலோ மீட்டர்தான் என்று 2023 நவம்பரில் போலீசார் நிர்ணயித்தார்கள். ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் முறுக்குவது வீரமல்ல. எதிரே வருபவர் பால்காரராக இருக்கலாம்.

முன்பு சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. கோவை கரிவரதன் உருவாக்கிய பார்முலா மாருதி கார்கள் அங்கே ஓடின. அவற்றில் இருந்தது சாதாரண மாருதி 800 எஞ்சின்! அதில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005ல் இந்தியாவின் முதல் பார்முலா-1 வீரரானார்.

சொந்தக் காரை அந்த டிராக்கில் மூன்று ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் பிரேக் கருகும் வாசனையே மீதியைச் சொல்லிவிடும். அப்புறம் பையன்கள் கேட்பது பிரேக் பேடு. அதிலும் பந்தய ரகம் வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகும். ரோட்டுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.