யாரைக் காக்கும் உடன்படிக்கை?

"பல தேசங்கள் கூடி ஒன்றையொன்று காப்பது நல்லதுதானே? அதில் தமிழனுக்கென்ன வழக்கு?" என்று பினாங்கில் நண்பரொருவர் எம்மைக் கேட்டார். வழக்கு உண்டு, தோழர்களே! கூட்டுப் பாதுகாப்பை யாம் வெறுக்கவில்லை. தனித்து நிற்கும் சிறு தேசம் பெருந்தேசத்திற்கு இரையாகும் என்பதை யாமும் அறிவோம். ஆனால் காப்பதாகச் சொல்லுவோர் யாரைக் காப்பர், எதுவரை காப்பர் என்பது சட்டமாக எழுதப்பட்டிருக்கிறதா? இதுவே எமது கேள்வி.

இக்கேள்வி ஏட்டைப் படித்து எழுந்ததன்று. 1941ஆம் வருஷம் டிசம்பர் 11ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது வந்தன. வெள்ளைக்காரன் கொடி பறக்கும் ஊரை யார் தொடுவார் என்று நம்பிய சனங்கள் வீதியில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்தனர். எம் பாட்டியார் அப்பொழுது ஒன்பது வயதுச் சிறுமி. நம்முடைய விமானங்களே என்றெண்ணிக் கை தட்டியதாகச் சொல்லுவார். பிறகு குண்டு விழுந்தது. விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கி ஊரில் ஒன்றுமில்லை. பல நூற்றுவர் மாண்டனர்.

ஐந்து நாள் கழித்து, 16ஆந் தேதி இரவு, காவலர்கள் செய்ததென்ன? ஐரோப்பியர் இரவோடிரவாகப் படகேறினர். ஆசியக் குடிசனங்கள் கரையில் விடப்பட்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியைப் பின்னர் இறக்கியவர் யார்? கவர்னருமல்லர், தளபதியுமல்லர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகாசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து! காப்பவன் ஓடினான், காக்கப்பட வேண்டியவன் கொடியிறக்கினான். 19ஆந் தேதி ஜப்பானியர் ஊருக்குள் நுழைந்தனர். பின்னர், தோட்டங்களிலிருந்து பல்லாயிரந் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவுக்கும் பசிக்கும் பலியாயினர்.

சுதந்திரம் வந்த பின்னர் நிலை மாறிற்றா? 1957 அக்டோபர் 12ஆந் தேதி மலாயாவும் பிரிட்டனும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. பதினோராண்டு நிறையுமுன், 1968 ஜனவரியில், சூயஸுக்குக் கிழக்கேயுள்ள படைகளை 1971க்குள் திருப்பிக்கொள்ளப் போவதாக லண்டனில் வில்சன் மந்திரிசபை அறிவித்தது. முடிவு செய்தது அவர்கள் கஜானா. கவலைப்பட்டது நம் தேசம். அதன்பின் வந்ததே 1971இன் ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை அதில் சேர்ந்தவை. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் ஐவரும் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்? உடனே கூடிக் கலந்து ஆலோசிக்க! அதற்குமேல் படை அனுப்பும் கட்டாயம் ஒன்றுமில்லை.

யாம் தோட்டத்துக் கிராணி. எம் தொழிலில் ஒரு விதியுண்டு: செக்ரோலில் ஏறாத நாள் சம்பளத்தில் ஏறாது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி மழையில் பால் வெட்டி, மாதக் கடைசியில் வெறுங்கையோடு நின்றவர்களை யாம் கண்டதுண்டு. ஒரு நாட் கூலிக்கே எழுத்து வேண்டுமெனின், ஒரு தேசத்தின் உயிருக்கு வேண்டாவோ?

"இப்பொழுது ஆள்வது நம்மவர், பயமேன்?" என்பர் சிலர். நம்மவராயினும் எழுத்தில் கட்டுண்டவரே நம்பத்தக்கவர். வெளிநாட்டு உடன்படிக்கையைப் பார்லிமெண்டின் சம்மதம் பெற்றே செய்யவேண்டுமென்று நம் அரசியலமைப்புக் கட்டாயப்படுத்தவில்லை. "யுத்த விஷயம் இரகசியம்" என்பர் வேறு சிலர். யாம் கேட்பது பீரங்கியின் எண்ணிக்கையை அன்று. பொறுப்பின் எல்லையையே கேட்கிறோம். படகுத்துறையிலிருந்து அக்கரையைப் பாருங்கள். ஐவர் கூட்டின் ஆகாயக் காவல் தலைமையகம் பட்டர்வொர்த் விமானத்தளத்தில் இருக்கிறது. விமானத்தளம் காவலுமாகும், குண்டுக்குக் குறியுமாகும். 1941இல் அத்தளத்திலும் குண்டு விழுந்ததே! அதன் ஓசையோடு உறங்கும் சனங்களுக்கு அதன் நிபந்தனைகளை அறியும் உரிமை இல்லையா?

ஆகவே ஒரு சட்டம் வேண்டும். பழைய கூட்டாயினும் புதிய கூட்டாயினும் அது பார்லிமெண்டில் வைக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, வாக்கெடுக்கப்பட வேண்டும். தாக்குதல் நேர்ந்தால் ஒவ்வொரு கூட்டாளியும் செய்யவேண்டியது இன்னதென்றும், விலகுவோன் எத்தனை வருஷ முன்னறிவிப்புத் தரவேண்டுமென்றும் எழுதப்பட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆபத்துக் காலத்தில் படகிலும் அரிசியிலும் மருந்திலும் இனமும் பதவியும் பார்க்கலாகாதென்ற ஒரு பிரிவு அதில் இருக்கவேண்டும்.

அப்பிரிவு நமக்கு மட்டுமன்று. நம் பாட்டன்மார் இருந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் இருக்கின்றனர். நாளை படகு வருமானால் அவர்களைக் கரையில் விட்டு நாம் ஏறுவோமா? ஏறுவோமெனின், 1941இல் ஓடியவர்களைப் பழிக்க நமக்கு வாயேது?

தேர்தல் வரும், வாக்குக் கேட்டு லயத்துக்கும் கடைத்தெருவுக்கும் வருவார்கள். மாலையோடு வருபவரை நிறுத்தி ஒன்று கேளுங்கள்: "ஐயா, யுத்தம் வந்தால் எங்கள் பெயர் எந்தச் செக்ரோலில் இருக்கிறது?"