மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் இருமுடி கட்டியவர்களின் வண்டிகள் பெருகிவிடும். பெங்களூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சபரிமலைக்குப் புறப்பட்ட வேன்களும் பேருந்துகளும் இந்தச் சாலையைப் பிடித்துத்தான் சேலம் பக்கம் இறங்குகின்றன. வழியில் ஒரு டீக்கடை. "சாமி, நாலு டீ" என்கிறார் வந்தவர். "இதோ சாமி" என்கிறார் கடைக்காரர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப்புறத்தில், அந்தச் சில வாரங்களுக்கு எல்லோருக்கும் ஒரே பெயர்தான்.

ஐயப்ப விரதம் என்றதும் வெறுங்கால் நடையும் விடியற்காலைக் குளியலும் புலால் மறுப்பும்தான் பேச்சில் வரும். அவற்றுக்குச் சற்றும் குறையாத கட்டுப்பாடு ஒன்று அதில் இருக்கிறது. ஒரு மண்டலம், அதாவது 41 நாள், எதிரே வருபவர் யாரானாலும் சாமி. பெண்கள் மாளிகைப்புரம், சிறுவர்கள் மணிகண்டன். வண்டி ஓட்டுபவர் சாமி, இலை எடுப்பவர் சாமி, வரிசையில் முண்டியடித்துக் காலை மிதித்தவரும் சாமி. மலைமேல் கோயில் முகப்பிலேயே 'தத்வமசி', அதாவது 'நீயே அது', என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எருமேலியில் ஐயப்பனின் இஸ்லாமியத் தோழர் வாவரின் பள்ளிவாசலை வணங்கிவிட்டுத்தான் ஐயப்பமார்கள் பெருவழியில் நடக்கிறார்கள்.

இந்தப் பயிற்சியின் பலம், அது மனம் கனியும்வரை காத்திருக்காததுதான். மரியாதை உள்ளே ஊறிய பிறகு கூப்பிடு என்று வழிநடத்தும் எந்தக் குருசாமியும் முதன்முறை மாலை போட்ட கன்னிசாமியிடம் சொல்வதில்லை. முதலில் வாய் கூப்பிட வேண்டும். நாளுக்கு நூறு தடவை கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு, அதே ஆளை ஏசுவது கொஞ்சம் கடினமாகிவிடுகிறது.

கவலையெல்லாம் விரதம் முடிந்து மாலை கழற்றிய மறுநாளைப் பற்றியதுதான்.

கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் பேர்போன சூளகிரியைச் சுற்றி இப்போது சிப்காட்டும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள் ஷிப்ட் முறையில் வேலை செய்து, ஒரே அறையில் பலராகத் தங்குகிறார்கள். ஒடியா பேசுபவருக்கும் அசாமி பேசுபவருக்கும் இங்கே ஒரே பட்டம், 'இந்திக்காரன்'. தெருவில் ஒரு பூட்டு உடைந்தால் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் விழுகிறது. அந்த அவநம்பிக்கை மறுபக்கத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் போலிக் காணொளிகள் பரவியபோது, பலர் பயந்துபோய் ரயில் நிலையங்களுக்கு விரைந்தார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரிக்க வேண்டியிருந்தது. காணொளிகள் பொய்யாகவே இருக்கட்டும். அவற்றை அத்தனை பேர் உடனே நம்பும்படி நம் அன்றாட நடத்தை இருந்திருக்கிறதே, அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெளியூர் முகம் என்றாலே குற்றவாளி என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2018 மே மாதம் காட்டியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் நின்றது. அதிலிருந்த 65 வயது மூதாட்டி குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று முடிவுகட்டிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே ஆண்டு நவம்பரில், சாதி கடந்து மணந்த சூளகிரிப் பகுதி இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தின் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். முதல் சம்பவத்தில் சாவுக்குக் காரணம் முன்பின் அறியாத முகம். இரண்டாவதில் எல்லோரும் நன்கு அறிந்த சாதி.

இதற்கு மாற்று நம் மரபிலேயே இருக்கிறது. தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட பாணர் குலத்தவரான திருப்பாணாழ்வார் காவிரிக் கரையில் பாடி மெய்ம்மறந்து நின்றபோது, அரங்கனின் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் அவரை விலகச் சொல்லிக் கல்லெறிந்தார் என்கிறது வைணவ வரலாறு. பிறகு அதே முனிவர் அரங்கன் ஆணைப்படி ஆழ்வாரைத் தம் தோளில் சுமந்து கோயிலுக்குள் போனார். கல்லடி பட்டவரிடம் 'மன்னித்துவிடு' என்று அரங்கன் சொல்லவில்லை. எறிந்த கைக்குத்தான் வேலை கொடுத்தான்.

குற்றம் செய்தவரையும் சாமி என்று விட்டுவிடுவதா என்று கேட்கலாம். அப்படியல்ல. குற்றத்தை விசாரிக்கக் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. கண்டிக்க வேண்டியவரைக் கண்டிக்கலாம். விசாரணைக்கு முன்பே நாமாக எழுதிவிடும் தீர்ப்புதான் இங்கே பிரச்சினை. சாமி என்று வாயாரக் கூப்பிட்டுவிட்டு ஓவர்டைம் கூலியை ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்டால் அதுவும் விரதமாகாது. விரதத்துக்குள்ளேயே தீராத கேள்விகளும் உண்டு. 10 முதல் 50 வயது வரையான பெண்கள் மலையேறுவது பற்றி 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் சர்ச்சை ஓயவில்லை.

ஆனாலும் இவ்வளவு பேர், இவ்வளவு நாள், தினமும் செய்யும் பயிற்சி வேறு எது நம் கையில் இருக்கிறது? தை பிறந்து மாலை கழற்றும்போது, குருசாமிகள் கூடவே ஒரு சிறு நேர்த்தியைக் கொடுத்து அனுப்பலாம். நாளுக்கு ஒருவர் போதும். யாரைப் பார்த்தால் முகம் சுளிக்கிறதோ, அவர்தான் அன்றைய சாமி. அவர் பக்கத்து அறை ஒடிசா இளைஞராக இருக்கலாம், டோல்கேட்டில் கைதட்டிக் கேட்கும் திருநங்கையாக இருக்கலாம், காலனியிலிருந்து வரும் சக தொழிலாளியாக இருக்கலாம். அவரை 'வாங்க' என்று அழைத்து, பெயரும் ஊரும் கேட்டு, நம் வீட்டு டம்ளரிலேயே தண்ணீர் கொடுக்க வேண்டும். கன்னிசாமிகள் கேள்வி கேட்காமல் பின்பற்றுவது குருசாமியின் சொல்லைத்தான் என்பதால், இதைத் தொடங்கும் பொறுப்பும் குருசாமிகளுடையது.