முதல்ல ஒரு புள்ளி வைக்கட்டும்

எங்கட பிள்ளையளுக்குக் கணனியில நிரல் எழுதப் படிப்பிக்கிறதெண்டால், முதல் நாளே கேம் எஞ்சினைத் தூக்கிக் கையில குடுக்கக்கூடாது எண்டது என்ர கட்சி. வெறும் யன்னல் ஒண்டைத் திறந்து அதில ஒரு புள்ளி வைக்கச் சொல்லவேணும். கோப்பை கழுவுறவனுக்கு ஏன் இந்தக் கதை எண்டு கேப்பியள். கேளுங்கோ, பரவாயில்லை.

2000ஆம் ஆண்டோட பாதியில நிண்ட என்ர பல்கலைக்கழகப் படிப்பில எனக்கு மிஞ்சினது டேர்போ சி மட்டும்தான். 640×480 திரை, 16 நிறம். குறுக்க எத்தினை, கீழ எத்தினை, என்ன நிறம் எண்டு சொன்னால் ஒரு புள்ளி விழும். இண்டைக்கு அப்பிடி நேர திரையில கைவைக்க ஏலாது. இயங்குதளத்திட்டை யன்னல் கேட்டு வாங்கவேணும். விண்டோஸிட்டைக் கேக்கிற விதம் ஒண்டு, மாக்கிட்டை வேற, லினக்ஸிட்டை இன்னொண்டு. எங்களுக்காக மூண்டு இடத்திலயும் போய்க் கதைக்கிறதுக்குத்தான் எஸ்.டி.எல். எண்ட லைப்ரரி இருக்கு. சாம் லாண்டிங்கா 1998இல தொடங்கினது, இலவசம். 2013இல இரண்டாவது பெரிய பதிப்பு, 2025இல மூண்டாவது.

அதை வைச்சு என்ன செய்யிறது? 320×200 அளவில ஒரு படம் எண்டால் 64,000 புள்ளி. புள்ளி ஒண்டுக்கு 4 பைட். நினைவகத்தில இது சதுரமாய் இல்லை, ஒரே நீட்டு வரிசை. பூச்சியத்திலயிருந்து எண்ணினால், 10ஆவது வரியில 5ஆவது புள்ளி எங்க? 10ஐ 320ஆல பெருக்கி 5ஐக் கூட்டு, 3,205. அந்த இடத்தில நிறத்தை எழுது. சிவப்பு எண்டு எழுத நீலம் வந்தால் பைட் ஒழுங்கு மாறிப்போச்சு எண்டு அர்த்தம். எல்லாம் எழுதி முடிச்சாப்பிறகுதான் முழுப் படத்தையும் யன்னலுக்கு அனுப்பிறது. (எங்கட குசினியும் அப்பிடித்தான். சோஸ் விடாத கோப்பையை வெளியில அனுப்பினால் செஃப் கத்துவார்.)

அண்ணற்ர மகளுக்கு 14 வயது. எஞ்சினில துள்ளுற கேம் ஒண்டு ஏற்கெனவே செய்து வைச்சிருந்தவள். புள்ளியளை மட்டும் வைச்சு ஒரு வட்டம் கீறு பாப்பம் எண்டன். இரண்டு மணித்தியாலம் போச்சு. கடைசியில பைதகரஸைக் கொண்டுவந்து கீறிப்போட்டு, இதுக்குத்தானா அதைப் படிப்பிச்சவை எண்டு கேட்டாள்.

ஆனால் நான் இதை எழுதிறதுக்கு உண்மையான காரணம் வேற. அவள் தன்ர கேமில 'பெயர்' எண்டு தமிழில போட்டாள். திரையில வந்தது 'பயெர்'. யுனிகோட்டில முதல் ப, பிறகுதான் கொம்பு. கொம்பைத் தூக்கி முன்னுக்கு வைக்க இன்னொரு ஆள் வேணும். குரோம், பயர்பொக்ஸ், ஆண்ட்ரொய்டு எல்லாத்திலயும் அந்த வேலையை ஹார்ப்பஸ் எண்ட லைப்ரரி செய்யுது. ரேலிப் மாதிரிச் சின்ன லைப்ரரியள் அது இல்லாமல், வாற ஒழுங்கிலயே பக்கத்தில பக்கத்தில வைச்சுக்கொண்டு போகும். அப்ப கொம்பு யவுக்கு முன்னால போய் நிக்கும். பாமினியில கொம்பை முதல் அடிச்சுப் பழகின எங்களுக்கு இது ஒரு பகிடி. பிள்ளைக்கு அது விளங்காது. தமிழ் கணனிக்குச் சரிவராது எண்டு நினைச்சு, அதை அழிச்சுப்போட்டு ஆங்கிலத்திலயோ பிரெஞ்சிலயோ போட்டுட்டுப் போகும். எத்தினை பிள்ளையள் அப்பிடிப் போயிருக்குங்கள்!

இவள் போகேல்லை. எழுத்தும் யாரோ ஒழுங்காய் வைக்கிற புள்ளியள்தான் எண்டது அவளுக்குத் தெரியும். கட்டக் கொப்பியில தானே எழுத்துக் கீறத் தொடங்கினாள். எட்டுக் கட்ட அகலத்துக்குள்ள ஆங்கில எழுத்தெல்லாம் வசதியாய் இருக்கும். மூண்டுசுழி ண அதுக்குள்ள அடங்காது, இரண்டுசுழியோட குழம்பும். பதினாறு எடுத்தாள், சரிவந்தது. எஸ்.டி.எல்.லின்ர எழுத்துப் பகுதியை ஹார்ப்பஸோட சேர்த்தால் இவ்வளவு பாடு இல்லை எண்டு பிறகுதான் சொன்னன். வேணுமெண்டுதான் பிந்திச் சொன்னது.

சோறு சமைக்க நெல்லு விதைக்கவேணுமோ எண்டு கூட வேலைசெய்யிற ஒருத்தர் கேட்டார். வேண்டாம். வேலைக்குக் கேம் செய்யிறவை எஞ்சினிலயே செய்யட்டும். நான் கேக்கிறது தொடக்கத்தில ஒரு நாலு கிழமை. கோடு, வட்டம், தன்ர பேரில ஒரு எழுத்து. அதுக்குப் பிறகு எஞ்சினுக்குப் போகட்டும், அங்க பிழைச்சால் எங்க தேடிறது எண்டு தெரிஞ்சிருக்கும்.

கோடிங் வகுப்புக்குக் காசு கட்டுற தாய்தேப்பன்மார் முதல் மாதத்தில என்ன படிப்பிக்கிறியள் எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. வீட்டில ஒரு கட்டக் கொப்பியும் வாங்கி வையுங்கோ.