கடைசிப் பந்தியில் சாகும் நோயாளி

நமது சிறுகதைகளில் இரத்தப் புற்றுநோய்க்காரன் பிழைத்து நான் வாசித்ததில்லை. முதற் பக்கத்தில் இருமுவான். நடுவில் மூக்கால் இரத்தம் வடியும். கடைசிப் பந்தியில் மௌத்தாகிவிடுவான். காதலி அழ, கதாசிரியர் முற்றுப்புள்ளி வைப்பார். 'வாழ்வே மாயம்' படம் வந்தது 1982இல். அதன் கதாநாயகனைப் புற்றுநோய் கொண்டுபோனதை மன்னிக்கலாம். அதே மரணத்தை இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர்களை எதற்காக மன்னிப்பது?

என்புமச்சை மாற்றுச் சிகிச்சையை வளர்த்தெடுத்த டொனல் தோமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986இலேயே தொடங்கிவிட்டது. கடலைத் தாண்டினால் வேலூர். நமது எழுத்தாளர்களுக்கு மட்டும் செய்தி இன்னும் எட்டவில்லை.

இதில் சொந்தக் கோபமும் உண்டு, மறைக்கவில்லை. நானே அந்த நோயாளி. தம்பியின் ஸ்டெம் செல்களால் உயிரோடிருந்து தரம் ஏழுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன்.

இது கத்தி வைக்கும் வேலையல்ல. ஏறக்குறைய ஒரு கிழமை கடும் மருந்தேற்றி எனது பழைய மச்சையை அழித்தார்கள். தம்பிக்குச் சில நாட்கள் ஊசி போட்டார்கள். பிறகு அவனது கை நாளத்திலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் கலங்களைப் பிரித்து, மீதியை அவனுக்கே திருப்பி ஏற்றினார்கள். சில மணித்தியாலம்தான். எலும்பு உளைவுக்குப் பனடோல் போட்டான். எனக்கு வந்தது சேலைன் போலத் தொங்கிய ஒரு பை. பாடு அதற்குப் பின்னர்தான். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது, வெண்குழியங்கள் பூச்சியத்தில், கண்ணாடிக்கு அப்பால் மனைவி. புதிய கலங்கள் வேர்பிடிக்க மூன்று கிழமை. வேர்பிடித்த கலங்களே பிறகு என் தோலையும் குடலையும் அந்நியமென்று தாக்கின. என் இரத்த வகை தம்பியுடையதாக மாறியது. கைக்குழந்தைபோலத் தடுப்பூசிகளை மறுபடியும் போட்டுக்கொண்டேன். இதற்குள் இல்லாத கதையா?

ஆனால் என் வழக்கு கலையைப் பற்றியதன்று. கூடப்பிறந்த ஒருவரின் கலம் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்த ஒருவர் கிடைத்தும் கைநழுவியதைக் கண்டேன். எங்கள் மாவட்டத்து இளைஞன் ஒருவனுக்கு ராத்தாவின் கலம் பொருந்தியது. அவளுடைய கணவன் வீட்டார் விடவில்லை. "முள்ளந்தண்டில் ஊசி குத்தினால் முடமாகிப் போவாள். எப்படியும் சாகிறவனுக்கு ஏன் இது?" என்றார்கள். முள்ளந்தண்டை யாரும் தொடுவதில்லை. மச்சையாகவே எடுத்தாலும் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான் எடுப்பார்கள். இழுபறியில் மாதங்கள் போயின. நோய் திரும்பிவிட்டது. 'எப்படியும் சாகிறவன்' என்ற பாடத்தை அவர்களுக்குப் படிப்பித்தது யார்? வைத்தியரா? படமும் நாடகமும் நமது கதைகளும்தான்.

எல்லோரையும் பிழைக்க வையுங்கள் என்று கேட்கவில்லை. சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு நோய் திரும்புகிறது. சிலரைக் கிருமித்தொற்று கொண்டுபோகிறது. காணியை விற்றும் காசு போதாமல் வீடு திரும்புவோர் உண்டு. அவற்றையும் எழுதுங்கள், விசாரித்து எழுதுங்கள். வயலைப் பற்றி எழுதப் போனால் எந்தப் போகத்துக்கு எந்த நெல் என்று கேட்டுத்தானே எழுதுகிறீர்கள்? ஒரு மனிதனைக் கொல்லுமுன் ஒரு தாதியிடமாவது கேட்டால் என்ன?

உங்கள் வாசகர்களுக்குள் யாரோ ஒரு நோயாளியின் தம்பியும் ராத்தாவும் இருக்கிறார்கள். அவர்களைப் பயங்காட்டாதீர்கள்.