பழுது நீக்குதலும் பழுது செய்தலும்

துவக்கு என்னுஞ் சொல்லைச் செவியுற்ற மாத்திரத்தே உளம் நடுங்கும் நாட்டிலே பிறந்தோம். 2009ஆம் ஆண்டுவரை அதன் ஓசைக்கு நடுவே கற்றோம், கற்பித்தோம். அத்தகைய யாம் கல்லூரியின் விழா மலரிலே துவக்கைப்பற்றி எழுதப் புகுந்தமை அன்பர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். யாம் கூறப்போவது போர்த் துவக்கைப் பற்றியதன்று. காற்றின் விசையால் ஈயச் சன்னத்தைச் செலுத்தும் பழைய காற்றுத் துவக்கையும், அதனைப் பேணுவோர் கைக்கொள்ள வேண்டிய நெறியையும் பற்றியதாகும்.

எம்மிடம் தமிழ் கற்ற பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் நகரில் வாழ்கின்றார். சென்ற ஆண்டு அவர் இல்லத்திற் சில நாள் விருந்தினராயிருந்தோம். ஓய்வு வேளைகளில் அவர் பழைய காற்றுத் துவக்குகளைப் பழுது பார்க்கின்றார். அந்நகருக்கும் இத்தொழிலுக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. லிங்கன் ஜெஃப்ரீஸ் என்னும் அந்நகரத்துத் துவக்கு வினைஞர் 1904இற் காப்புரிமை பெற்ற அமைப்பைக் கொண்டு, பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905ஆம் ஆண்டிலே காற்றுத் துவக்குகளைச் செய்யத் தொடங்கிற்று. நம்மவர் பலர் சைக்கிள்களிற் கண்டறிந்த அதே பெயர்தான். அந்நாளில் அந்நகரத்து மதுச்சாலைகளிலே, துளையிட்ட இரும்புத் தகட்டின் பின்னே மணியொன்றைத் தூக்கி, துளையூடே சன்னத்தைச் செலுத்தி மணியை ஒலிப்பிக்கும் போட்டிகள் நடைபெற்றன.

மாணவர் பொருட்டு இதன் இயக்கத்தைச் சுருங்கக் கூறுவோம். குழலின் கீழுள்ள நெம்பை இழுத்தால், உருளைக்குள்ளே முசலம் பின்சென்று சுருள்வில்லை ஒடுக்கும். விசையை அழுத்தியதும் வில் விரியும். முசலம் முன்பாய்ந்து காற்றை நெருக்கும். நெருக்குண்ட காற்று சன்னத்தைத் தள்ளும். முசலத்தின் தலையிலுள்ள தோல் வாசர் உலர்ந்தாற் காற்றுக் கசியும். வில் நாட்பட்டால் தளரும். முதுமையடைந்த துவக்குகளுக்கு நேரும் நோய் பெரும்பாலும் இவையே. நம் மாணவர் தோலை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, அளவு பார்த்துப் பொருத்துவார். எண்ணெய் மிகினும் தீங்கே. நெருக்குண்ட காற்றின் வெப்பத்தால் அது தீப்பற்றி உறுப்புகளைக் கெடுக்கும். ஒடுங்கிய வில் சடுதியில் விடுபட்டாற் கையை முறிக்கும். ஆதலின் பொறுமையற்றார் இத்தொழிலுக்கு உரியரல்லர்.

அவர் மேசையிலே வேறொரு துவக்கும் கிடந்தது. முன்பு அதனை வைத்திருந்தவர் குழலை அறுத்துக் குறுக்கியிருந்தார். தொலைநோக்கி பூட்டுவதற்காக உருளையின் மேலே துளைகளிட்டிருந்தார். வேகம் வேண்டி மிகவல்ல வில்லொன்றையும் புகுத்தியிருந்தார். “ஐயா, இதனைச் சுட வைக்கலாம், ஆனால் இதன் பழைமையை இனி மீட்க முடியாது” என்றார் நம் மாணவர். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பழுது நீக்குதல் வேறு. பழுது செய்துவிட்டு அதனைத் திருத்தமென்றல் வேறு. “என் பொருளை யான் விரும்பியவாறு மாற்றுவேன், கேட்பார் யார்?” என்பர் சிலர். கேட்பது முதலிற் சட்டம். பிரித்தானியாவில் 1969ஆம் ஆண்டின் விதிகள் காற்றுத் துவக்கின் ஆற்றலுக்கு 12 அடி-இறாத்தல் என எல்லை வகுத்தன. அதனைக் கடந்தாற் சான்றிதழ் பெறல் வேண்டும். ஸ்கொட்லாந்திலோ 2016ஆம் ஆண்டின் இறுதிநாள் தொட்டு, அவ்வெல்லைக்கு உட்பட்டவற்றுக்கும் உரிமம் வேண்டும். அடுத்துக் கேட்பது துவக்கே. அளவுக்கு மிஞ்சிய வில் முசலத்தைத் துள்ளச் செய்யும், துவக்கு அதிரும், குறி தவறும்.

வேகமே சிறப்பன்று என்பதற்குச் சான்று வேண்டுவோர் ஒலிம்பிக் போட்டியை நோக்குக. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அங்கே இடம்பெறத் தொடங்கிய 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியிலே, 10 புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீற்றரே. அதற்கு வழங்கும் துவக்கின் ஆற்றலோ மேற்கூறிய எல்லையில் ஏறக்குறையப் பாதியே. வெல்வது அடங்கிய மூச்சும் அசையாத கையுமாம்.

அங்ஙனமாயின் புதிய உறுப்பு எதனையும் சேர்க்கலாகாதோ எனின், சேர்க்கலாம். தளர்ந்த வில்லை மாற்றாது துவக்கைச் சுட முடியாது. நம் மாணவர் கழற்றிய பழைய உறுப்பைத் தாளுறையிலிட்டுப் பெயரெழுதித் துவக்குடன் வைக்கின்றார். பின்வருவார் விரும்பினால் மீளப் பொருத்தலாம். மீளச் செய்யக்கூடிய மாற்றம் பொறுக்கத்தக்கது. மீளாத மாற்றம் பொறுக்கத்தக்கதன்று. இதுவே எம் கருத்து.

தமிழாசிரியர்க்கு இந்நெறி புதியதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அத்தகைய பணியிலே செல்லரித்த ஏட்டைத் துடைத்து, பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளிதல் பதிப்பாசிரியர் கடன். சிதைந்த இடத்திலே தம் கவியைப் புகுத்துதல் குற்றம். ஏட்டுக்கு உரியது இரும்புக்கும் உரியதே.

துவக்குகளை இம்மண்ணுக்கு வரவழைக்குமாறு யாம் கூறவில்லை, கண்டது போதும். பாட்டனாரின் மணிக்கூடும், அன்னையாரின் தையல் இயந்திரமும், தந்தையாரின் சைக்கிளும் நம் வீடுகளிலே துருவேறிக் கிடக்கின்றன. மாணவர்காள்! அவற்றுள் ஒன்றை இவ்விடுமுறையிற் கையிலெடுங்கள். திறக்குமுன் அதனைச் செய்தவன் கருதியதை அறிய முயலுங்கள். கழற்றியதைக் காத்து வையுங்கள். முன்னோர் செய்ததை முன்னோர் செய்தவாறே அடுத்தவர் கையிற் சேர்ப்பதும் கல்வியேயாம்.